பாக்கெட் எங்கே, ஏன் விழுகிறது: லினக்ஸ் கெர்னலில் காரணத்தோடு பதிவு எடுப்பது எப்படி

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில், பாக்கெட் நெட்வொர்க் கார்டுக்கு வந்து சேர்வது தெரிகிறது. அப்ளிகேஷன் லாக்கில் அது வந்த சுவடே இல்லை. நடுவில் இருப்பது கெர்னல் ஒன்றுதான். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்பு) மதிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கிறார்கள். நான்கைந்து மதிப்புகள் மாறிய பிறகு பிரச்சினை தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. தீராவிட்டால் முன்பிருந்த நிலையும் கைவிட்டுப் போயிருக்கும்.

கெர்னலே காரணத்தைச் சொல்லத் தயாராக இருக்கிறது. கேட்கும் முறை மட்டும் தெரிய வேண்டும். காரணமும் இடமும் பதிவில் வரும்வரை எந்த மதிப்பையும் தொடாதீர்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு விதிக்காகத்தான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் படிக்கும் ஒலியில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

1. உங்கள் கெர்னல் காரணம் சொல்லுமா?

கெர்னல் ஒரு பாக்கெட்டை எஸ்கேபி என்ற நினைவிடத்தில் வைத்துக் கையாளும். அதை விடுவிக்க இரண்டு வழிகள் உண்டு. வேலை ஒழுங்காக முடிந்த பாக்கெட் கன்ஸ்யூம்_எஸ்கேபி வழியாகப் போகும். தூக்கி எறியப்படும் பாக்கெட் கேஃப்ரீ_எஸ்கேபி வழியாகப் போகும். இரண்டாவதில் ஒரு டிரேஸ்பாயிண்ட் (நடப்பதைப் பதிவு செய்யக் கெர்னலிலேயே வைத்திருக்கும் இடம்) இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். 5.17 முதல் அந்த டிரேஸ்பாயிண்டில் 'ரீசன்' என்ற புலமும் சேர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய கெர்னலில் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்ற முகவரி மட்டும் கிடைக்கும்.

கெர்னல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறுவனங்களுக்கான விநியோகங்களில் எண் பழையதாகவே இருக்கும், ஆனால் புதிய வசதிகளைப் பின்னால் சேர்த்திருப்பார்கள். நேரடியாகப் பார்ப்பதே சரி. /சிஸ்/கெர்னல்/டிரேசிங்/ஈவென்ட்ஸ்/எஸ்கேபி/கேஃப்ரீ_எஸ்கேபி/ஃபார்மட் என்ற கோப்பைத் திறந்து அதில் 'ரீசன்' இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், கடைசி வரியில் ஒவ்வொரு காரண எண்ணுக்கும் உரிய பெயரும் வரிசையாக இருக்கும்.

உபுண்டு 22.04-இன் அடிப்படைக் கெர்னல் 5.15; அதில் ரீசன் கிடையாது. அதே பதிப்புக்குக் கிடைக்கும் ஹெச்டபிள்யூஈ என்ற புதிய கெர்னலுக்கு மாறினால் கிடைக்கும். டெபியன் 12 (6.1), உபுண்டு 24.04 (6.8) இரண்டிலும் நேரடியாகவே இருக்கிறது. கெர்னல் மாற்ற ஒரு ரீபூட் தேவை, அதற்கு நிறுவனத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். எனவே இந்தப் படியை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

2. அனுமதி, நேரம், வட்டு இடம்

ரூட் உரிமை வேண்டும். கன்டெய்னருக்குள் ரூட்டாக இருப்பது போதாது. ஹோஸ்டில் ரூட் வேண்டும். செக்யூர் பூட் உள்ள இயந்திரத்தில் /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன் கோப்பைப் பாருங்கள். 'கான்ஃபிடென்ஷியாலிட்டி' என்ற சொல் சதுர அடைப்புக்குள் இருந்தால் டிரேசிங் ஓடாது. 'இன்டெக்ரிட்டி' என்றால் தடையில்லை.

கருவிகள் எல்லாம் இலவசம். நிகழ்வுகளைப் பதிவு செய்யும் பெர்ஃப் கருவியை டெபியனில் லினக்ஸ்-பெர்ஃப், ஃபெடோராவிலும் ரெட் ஹாட்டிலும் பெர்ஃப், உபுண்டுவில் லினக்ஸ்-டூல்ஸ் என்ற பெயரில் நிறுவலாம். உபுண்டுவில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அதே எண்ணுள்ள டூல்ஸ் தொகுப்பு வேண்டும். இல்லையென்றால் பெர்ஃப் ஓட மறுத்து, தேவையான தொகுப்பின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். கூடவே, நிகழ்வுகளைக் கெர்னலுக்குள்ளேயே எண்ணித் தரும் பிபிஎஃப்டிரேஸையும் நிறுவிக்கொள்ளுங்கள். வெளி இணையம் இல்லாத சர்வரில் எதையும் நிறுவ முடியாது என்றாலும் கவலை வேண்டாம். 5-ஆம் படியில் உள்ள முதல் வழிக்குக் கெர்னலே போதும்.

சிபியு செலவைப் பொறுத்தவரை, இந்த டிரேஸ்பாயிண்ட் பாக்கெட் விழும்போது மட்டுமே இயங்கும். ஒழுங்காகப் போகும் டிராஃபிக்கை அது தொடாது. அதனால் நேரடிப் பயன்பாட்டில் உள்ள (புரொடக்ஷன்) சர்வரிலும் பயமின்றி ஓட்டலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: பாக்கெட் வெள்ளத் தாக்குதல் நடந்து நொடிக்கு லட்சக்கணக்கில் விழும்போது, ஒவ்வொரு நிகழ்வையும் எழுதி வைப்பது பாரமாகிவிடும். அப்போது எண்ணிக்கை மட்டும் எடுக்கும் வழியே சரி.

வட்டுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். பெர்ஃப் ஒரு நிகழ்வுக்குச் சுமார் 100 பைட் எழுதும். அழைப்புத் தொடரையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) கேட்டால் 300 பைட் வரை ஆகும். நொடிக்கு 10,000 டிராப் (விழும் பாக்கெட்) என்றால் முதல் கணக்கில் மணிக்கு 3.6 ஜிபி, இரண்டாவதில் 10 ஜிபிக்கு மேல். பெரும்பாலும் 1 நிமிடப் பதிவே போதும். எப்போதாவது வரும் பிரச்சினைக்காக நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருந்தால், பெர்ஃபில் ஸ்விட்ச்-அவுட்புட் விருப்பத்துக்கு 1ஜி என்றும், ஸ்விட்ச்-மேக்ஸ்-ஃபைல்ஸ் விருப்பத்துக்கு 10 என்றும் கொடுங்கள். பழைய கோப்புகள் தாமாகவே அழிந்து 10 ஜிபிக்குள் நிற்கும்.

3. எந்த அடுக்கில் விழுகிறது என்று கவுண்டரைக் கேளுங்கள்

டிரேஸ் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பாக்கெட் கெர்னலுக்குள் வரும் முன்பே கார்டில் விழுந்திருந்தால், எவ்வளவு நேரம் டிரேஸ் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது.

*கார்டு.* ஈத்டூல் கட்டளையைப் பெரிய எஸ் கொடியோடு இன்டர்ஃபேஸ் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். டிரைவருக்கு டிரைவர் பெயர் மாறும்: இன்டெல் கார்டுகளில் ஆர்எக்ஸ்_மிஸ்டு_எரர்ஸ், மெல்லனாக்ஸ் எம்எல்எக்ஸ்5-இல் ஆர்எக்ஸ்_அவுட்_ஆஃப்_பஃபர். 10 நொடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய மொத்த எண்ணிக்கை எதையும் சொல்லாது. அமேசான் கிளவுடில் ஈஎன்ஏ டிரைவர் ஓடினால் பிபிஎஸ்_அலவன்ஸ்_எக்ஸீடட், கான்டிராக்_அலவன்ஸ்_எக்ஸீடட் என்ற வரிகளைக் கட்டாயம் பாருங்கள். அவை ஏறினால் விழுவது உங்கள் கெர்னலில் இல்லை. அந்த இன்ஸ்டன்ஸ் வகைக்குக் கொடுத்திருக்கும் வரம்பை மீறியதால் வெளியிலேயே நிறுத்தப்படுகிறது.

*சிபியு வரிசை.* /ப்ராக்/நெட்/சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பில் ஒரு சிபியுவுக்கு ஒரு வரி. முதல் பத்தி கையாண்டது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவது நேரம் போதாமல் பாதியில் நின்றது. எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும். 00000010 என்றால் பத்து என்று படித்துவிடாதீர்கள், அது பதினாறு.

*புரோட்டோகால்.* என்ஸ்டாட் கட்டளை எடுத்த எடுப்பில் கடைசி முறைக்குப் பிறகான வித்தியாசத்தையே காட்டும். இது தெரியாமல் மொத்தம் என்று நினைப்பவர்கள் அதிகம். முதலில் சின்ன என் கொடியோடு ஒரு முறை ஓட்டி வரலாற்றைப் புதுப்பியுங்கள். 30 நொடி கழித்து கொடி இல்லாமல் ஓட்டுங்கள். யுடிபிஆர்சிவிபஃப்எரர்ஸ், ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர், லிசன்ஓவர்ஃப்ளோஸ் இவற்றில் எது வந்தாலும் பாதி விடை கையில் வந்துவிட்டது.

என்ஸ்டாட் காட்டுவது அது ஓடும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸின் (கன்டெய்னருக்கென்று பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) கணக்கை மட்டுமே. குபெர்னெட்டீஸ் பாடிலோ (Pod) கன்டெய்னரிலோ பிரச்சினை என்றால், அதற்குள் ஓடும் ஒரு பிராசஸின் பிஐடியைக் கொடுத்து என்எஸ்என்டர் வழியாக அந்த நேம்ஸ்பேஸுக்குள் புகுந்து ஓட்ட வேண்டும். டிரேஸ்பாயிண்டுக்கு இந்த எல்லை இல்லை. அது இயந்திரம் முழுவதற்கும் ஒன்று. பக்கத்து கன்டெய்னரின் டிராப்பும் உங்கள் பதிவில் கலந்து வரும்.

*வெளியேறும் பக்கம்.* டிசி சின்ன எஸ் கொடியோடு க்யூடிஸ்க் ஷோ என்று ஓட்டி 'டிராப்ட்' எண்ணிக்கையைப் பாருங்கள்.

4. பதிவோடு வைக்க வேண்டிய ஆவணங்கள்

இன்னொருவரிடம் உதவி கேட்டுப் போகும்போது முதல் மூன்று பதில்களும் "இதைக் கொடுங்கள், அதைக் கொடுங்கள்" என்றுதான் வரும். ஒரு கோப்புறையில் இவற்றை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்: யூநேம் வெளியீடு, ஈத்டூல் சின்ன ஐ (டிரைவர், ஃபர்ம்வேர்), ஈத்டூல் சின்ன கே (ஆஃப்லோடு நிலை, அதாவது பாக்கெட்டுகளைச் சேர்ப்பது, பிரிப்பது போன்ற வசதிகள்), ஐபி முகவரிகள், ரூட், ஐபி ரூல், நெட் சார்ந்த எல்லா சிஸ்சிடிஎல் மதிப்புகள், என்எஃப்டி ரூல்செட் (ஃபயர்வால் விதிகள்), சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த என்ஸ்டாட்.

இரண்டு கோப்புகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, முதல் படியில் பார்த்த ஃபார்மட் கோப்பு. காரண எண்கள் கெர்னலுக்குக் கெர்னல் மாறுகின்றன, 6.1-இல் ஒரு எண்ணுக்கு இருக்கும் பொருள் 6.8-இல் இருக்கும் என்று நம்ப முடியாது. இணையத்தில் கிடைக்கும் எண் பட்டியலை வைத்து உங்கள் பதிவைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவீர்கள். மற்றது, ரூட்டாக எடுத்த /ப்ராக்/கால்சிம்ஸ் பிரதி. கெர்னல் முகவரிகள் ஒவ்வொரு ரீபூட்டிலும் இடம் மாறும். முகவரியை மட்டும் எழுதி வைத்துவிட்டு இயந்திரத்தை ரீபூட் செய்தால் அந்தப் பதிவு குப்பைக்குத்தான். ரூட் அல்லாத கணக்கில் எடுத்தால் அந்தக் கோப்பில் எல்லா முகவரிகளும் பூஜ்யமாக இருக்கும். எடுத்த கையோடு ஒரு முறை திறந்து பாருங்கள்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசிபிடம்ப் எழுதுவது சுவர்க் கடிகார நேரம். டிரேஸ் எழுதுவது இயந்திரம் ஓடத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்ட நொடிகள். இரண்டையும் பொருத்த, டிரேஸ்_கிளாக் கோப்பில் 'மோனோ' என்று எழுதிவிட்டு, பதிவு தொடங்கும் நொடியில் டேட் வெளியீட்டையும் /ப்ராக்/அப்டைம் வெளியீட்டையும் சேர்த்துச் சேமியுங்கள். இயந்திரம் நடுவில் தூங்கி எழும் லேப்டாப்பாக இருந்தால் 'மோனோ' வேண்டாம், 'பூட்' கொடுங்கள்.

5. பதிவு எடுப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. வரிசையாகப் போங்கள், முதலாவதிலேயே விடை கிடைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

*5அ. எண்ணிக்கை மட்டும்.* பிபிஎஃப்டிரேஸ் இருந்தால் ஒரே வரி போதும்:

பிபிஎஃப்டிரேஸ் -இ 'டிரேஸ்பாயிண்ட்:எஸ்கேபி:கேஃப்ரீ_எஸ்கேபி { @[ஆர்க்ஸ்.ரீசன், கேசிம்(ஆர்க்ஸ்.லொகேஷன்)] = கவுண்ட்(); }'

பிரச்சினை நடக்கும்போது 30 நொடி ஓடவிட்டு கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். காரண எண், ஃபங்ஷன் பெயர், எத்தனை முறை என்று பட்டியல் வரும். கூட்டல் கெர்னலுக்குள்ளேயே நடப்பதால் எவ்வளவு டிராப் வந்தாலும் வட்டில் ஒன்றும் எழுதப்படாது. பழைய பிபிஎஃப்டிரேஸில் 'ஆர்க்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் புள்ளி வேலை செய்யாது. கழித்தல் குறியும் பெரியது குறியும் சேர்ந்த அம்பைப் போடுங்கள்.

எந்தக் கருவியும் நிறுவ முடியாத இடத்தில், /சிஸ்/கெர்னல்/டிரேசிங்/இன்ஸ்டன்சஸ் கீழ் 'டிராப்ஸ்' என்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள். எம்கேடிஐஆர் போட்டதுமே கெர்னல் அதற்குள் தேவையான கோப்புகளைத் தானாக நிரப்பிவிடும். இது உங்களுக்கென்று தனி இடம்; வேறு யாராவது அதே இயந்திரத்தில் டிரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தால் அதைக் கெடுக்காது. அதற்குள் ஈவென்ட்ஸ்/எஸ்கேபி/கேஃப்ரீ_எஸ்கேபி/டிரிகர் கோப்பில் 'ஹிஸ்ட்:கீஸ்=ரீசன்,லொகேஷன்.சிம்' என்று எழுதுங்கள். 30 நொடி கழித்து பக்கத்திலேயே உள்ள 'ஹிஸ்ட்' கோப்பைப் படியுங்கள். இதே பட்டியல் கிடைக்கும்.

*5ஆ. ஒவ்வொரு நிகழ்வாக.* பட்டியலில் சந்தேகத்துக்குரிய ஒன்று தலைதூக்கிய பிறகுதான் இது:

பெர்ஃப் ரெக்கார்ட் -இ எஸ்கேபி:கேஃப்ரீ_எஸ்கேபி -ஏ -ஜி -- ஸ்லீப் 60

பிறகு பெர்ஃப் ஸ்கிரிப்ட் என்று ஓட்டினால் ஒவ்வொரு நிகழ்வும், அதற்குக் கீழே எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தது என்ற அழைப்புத் தொடரும் வரும். ஐபிவி4 மட்டும் வேண்டுமானால் ஃபில்டர் விருப்பத்தில் 'புரோட்டோகால் == 2048' என்று கொடுங்கள். 34525 என்றால் ஐபிவி6, 2054 என்றால் ஏஆர்பி.

டிரேசிங் கோப்புறை வழியாகவே நிகழ்வுகளைப் படிப்பவர்கள் பஃபர் அளவைக் கவனியுங்கள். பஃபர்_சைஸ்_கேபி கோப்பில் நீங்கள் எழுதும் எண் ஒரு சிபியுவுக்கானது. 8192 என்று எழுதினால் 16 சிபியு இயந்திரத்தில் 128 எம்பி நினைவகம் போய்விடும். பஃபர் போதாமல் போனால் பதிவின் நடுவே 'லாஸ்ட்' என்று வரி வரும். அந்த இடைவெளியில் எது விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

*5இ. எந்த பாக்கெட் என்று தெரிய வேண்டுமானால்.* கேஃப்ரீ_எஸ்கேபி நிகழ்வில் ஐபி முகவரியும் போர்ட்டும் இருக்காது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. குறிப்பிட்ட கிளையன்டின் பாக்கெட்டைத்தான் பின்தொடர வேண்டும் என்றால் சிலியம் திட்டத்தின் பிடபிள்யூஆர்யூ கருவி எளிது. டிசிபிடம்ப்பில் எழுதும் அதே வடிகட்டியை ('ஹோஸ்ட் 10.0.5.20 அண்ட் யுடிபி போர்ட் 53' போல) கொடுத்தால், அந்த பாக்கெட் கெர்னலுக்குள் நுழைந்த ஃபங்ஷன் தொடங்கி விழுந்த ஃபங்ஷன் வரை வரிசையாகக் காட்டும், கடைசி வரியில் காரணமும் இருக்கும். நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களில் கொக்கி போடுவதால் தொடங்கவும் நிறுத்தவும் நேரம் எடுக்கும், பாரமும் அதிகம். நெரிசலான சர்வரில் இதை நீண்ட நேரம் ஓட விடாதீர்கள். கெர்னலில் பிடிஎஃப் (BTF, கெர்னலின் தரவு வகைகளை விவரிப்பது) தகவல் இருக்க வேண்டும்: /சிஸ்/கெர்னல்/பிடிஎஃப்/விஎம்லினக்ஸ் என்ற கோப்பு இருந்தால் சரி.

6. ஒரு வரியை எப்படிப் படிப்பது

டிரேஸில் வரும் ஒரு வரி இப்படி இருக்கும்:

எங்கின்எக்ஸ்-2211 [003] ..எஸ்1. 1523.114: கேஃப்ரீ_எஸ்கேபி: எஸ்கேபிஆடர்=... புரோட்டோகால்=2048 லொகேஷன்=ஐபி_ஆர்சிவி_ஃபினிஷ்_கோர் ரீசன்: ஐபி_ஆர்பிஃபில்டர்

முதலில் எங்கின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் பெயர் இருப்பதைப் பார்த்து எங்கின்எக்ஸ் குழுவிடம் போய்விடாதீர்கள். உள்ளே வரும் பாக்கெட்டுகளைக் கெர்னல் சாஃப்ட்இன்டரப்டில் கையாளும். அந்த நொடியில் அந்த சிபியுவில் எந்த பிராசஸ் ஓடிக்கொண்டிருந்ததோ அதன் பெயர்தான் இங்கே விழும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள 'எஸ்' என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. அந்த எழுத்து இல்லாமல், அனுப்பும் பாதையில் விழுந்த பாக்கெட் என்றால் மட்டும் பிராசஸ் பெயரை நம்பலாம்.

[003] என்பது சிபியு எண். எல்லா டிராப்பும் ஒரே சிபியுவில் வந்தால் இன்டரப்ட் பங்கீட்டில் கோளாறு இருக்கலாம். புரோட்டோகால் ஐபிவி4. லொகேஷன், ரீசன் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரீசன் நாட்_ஸ்பெசிஃபைட் என்று வந்தால் லொகேஷனும் அழைப்புத் தொடரும்தான் கதி. 65,536-க்கு மேற்பட்ட எண்ணாகக் காரணம் வந்தால், அது வைஃபை அடுக்கு, ஓபன் விஸ்விட்ச் போன்ற துணை அமைப்புகள் தமக்கென வைத்துக்கொண்ட காரணம். பொதுப் பட்டியலில் தேடிக் கிடைக்காது.

7. அடிக்கடி வரும் காரணங்களும் செய்ய வேண்டியதும்

*ஐபி_ஆர்பிஃபில்டர்.* மேலே பார்த்த வரி இதுதான். ஒரு சர்வரில் இரண்டு கார்டுகள்: ஈத்0 வழியாக டீஃபால்ட் ரூட், ஈத்1 உள் வலைக்கு. 10.0.5.20 என்ற கிளையன்டின் பாக்கெட் ஈத்1-இல் வருகிறது. அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டுமானால் ரூட் அட்டவணை ஈத்0-ஐக் காட்டுகிறது. கண்டிப்பான முறையில் ஆர்பி_ஃபில்டர் 1 என்று இருந்தால், 'வந்த வழி வேறு, போகும் வழி வேறு' என்று கெர்னல் அதை எறிந்துவிடும். டிசிபிடம்ப் இந்தச் சோதனைக்கு முன்பே பார்ப்பதால் அதில் பாக்கெட் அழகாகத் தெரியும்.

பொறி எங்கே என்றால், 'ஆல்' என்பதற்கு 1 இருக்கும்போது ஈத்1-க்கு மட்டும் ஆர்பி_ஃபில்டரை 0 ஆக்கினால் ஒன்றும் மாறாது. 'ஆல்' என்பதற்குக் கொடுத்த மதிப்பு, கார்டுக்குக் கொடுத்த மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதையே கெர்னல் எடுக்கும். ஈத்1-க்கு 2 என்று கொடுத்தால் தளர்வான முறை: ஏதாவது ஒரு வழியில் அந்த முகவரிக்கு ரூட் இருந்தாலே ஏற்றுக்கொள்ளும். வந்த வழியிலேயே பதிலும் போகும்படி ஐபி ரூல் எழுதுவது அதைவிட நல்லது. பதில் பாக்கெட் வேறு வழியில் போய் நடுவில் உள்ள ஃபயர்வாலில் மாட்டும் அடுத்த பிரச்சினையும் அதோடு தீரும்.

*சாக்கெட்_ஆர்சிவிபஃப்.* சாக்கெட்டின் பெறும் பஃபர் நிரம்பிவிட்டது, பெரும்பாலும் யுடிபி. எஸ்எஸ் கட்டளையை யு, ஏ, எம் கொடிகளோடு ஓட்டினால் எஸ்கேமெம் என்ற அடைப்புக்குள் ஆர்பி என்பது வரம்பு, கடைசியில் உள்ள டி என்பது அந்த சாக்கெட்டில் விழுந்த எண்ணிக்கை. எந்த பிராசஸ் என்று அறிய பி கொடியையும் சேருங்கள்.

வழக்கமான வரம்பு 212992 பைட். 100 பைட் செய்தி என்றால் இரண்டாயிரம் செய்தி பிடிக்குமே என்று தோன்றும். பிடிக்காது. கெர்னல் கணக்கில் எடுப்பது செய்தியின் நீளத்தை அல்ல, அந்த பாக்கெட்டுக்காக ஒதுக்கிய மொத்த நினைவகத்தை. சின்ன பாக்கெட்டுக்கும் நூற்றுக்கணக்கான பைட் போய்விடும், டிரைவரைப் பொறுத்து 2 கேபிக்கு மேலும் போகும். ஆக சில நூறு செய்திகளிலேயே நிரம்பிவிடும். அப்ளிகேஷன் கார்பேஜ் கலெக்ஷனுக்காகச் சற்று நின்றாலே விழத் தொடங்கும்.

நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸை ஏற்றுவது பாதி வேலைதான். அப்ளிகேஷன் எஸ்ஓ_ஆர்சிவிபஃப் மூலம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்டதைக் கெர்னல் இரட்டிப்பாக்கி வைக்கும், அதனால் 4 எம்பி கேட்டால் எஸ்எஸ்-இல் 8 எம்பி தெரிவது பிழையல்ல. ஆர்மெம்_டீஃபால்ட்டை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் சாக்கெட்டுக்கு அது போகாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் 'பயனில்லை' என்று முடிவு கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மேலும், அப்ளிகேஷன் சராசரியாகவே வரத்தைவிட மெதுவாகப் படிக்கிறது என்றால் எவ்வளவு பெரிய பஃபரும் சில நொடி தள்ளிப்போடுமே தவிர தீர்க்காது.

*சிபியு_பேக்லாக்.* நெட்டெவ்_மேக்ஸ்_பேக்லாக் (வழக்கமாக 1000) நிரம்பியது. ஆர்பிஎஸ் (வரத்தைப் பல சிபியுக்களுக்குப் பிரிக்கும் வசதி), லூப்பேக், கன்டெய்னர்களின் வீத் இணைப்பு ஆகியவற்றில்தான் இந்த வரிசை பயன்படும். ஆர்பிஎஸ் இல்லாத சாதாரண கார்டின் வரத்து இதற்குள் வருவதே இல்லை. எல்லா 'டியூனிங்' பட்டியல்களிலும் இந்த மதிப்பு இருக்கிறது. பதிவில் இந்தக் காரணம் வராதவரை ஏற்றுவதில் பயனில்லை.

*நெட்ஃபில்டர்_டிராப்.* உங்கள் ஃபயர்வால் விதிதான். எந்த விதி என்று இங்கே தெரியாது. என்எஃப்டியில் அந்த பாக்கெட்டுக்கு மட்டும் மெட்டா என்எஃப்டிரேஸ் செட் 1 என்று ஒரு விதி சேர்த்து, என்எஃப்டி மானிட்டர் டிரேஸ் ஓட்டினால் விதி விதியாகக் காட்டும். டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) 'டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்' என்று என்எஃப்_கான்டிராக் புலம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*நோ_சாக்கெட்.* அந்த போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வரில் போர்ட் ஸ்கேன்களால் இது எப்போதும் இருக்கும். உங்கள் சர்வீஸின் போர்ட்டில் வந்தால்தான் கவலை, சர்வீஸ் 127.0.0.1-இல் மட்டும் பைண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

*நெய்_ஃபெயில்டு.* அடுத்த ஹாப்பின் மேக் முகவரி கிடைக்கவில்லை. ஒரே சப்நெட்டில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இருந்தால் டிமெசேஜில் 'நெய்பர் டேபிள் ஓவர்ஃப்ளோ' இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிசி_த்ரெஷ்3 வழக்கமாக 1024 மட்டுமே.

*க்யூடிஸ்க்_டிராப்.* வெளியேறும் வரிசை. எஃப்க்யூ_கோடெல் என்ற வரிசை முறை ஓடினால் சில டிராப் அதன் வேலையின் பகுதி: தாமதம் ஏறும்போது வேண்டுமென்றே எறிந்து, அனுப்புபவரை மெதுவாக்குகிறது. அதைக் குறைக்க வரிசையைப் பெரிதாக்கினால் தாமதம்தான் கூடும்.

*ஃபுல்_ரிங்.* விர்ச்சுவல் மெஷின் ஹோஸ்டில் டேப் இன்டர்ஃபேஸில் வரும். கெஸ்ட் வேகமாக எடுத்துக்கொள்ளவில்லை. கெஸ்டின் சிபியு பட்டினி கிடக்கிறதா என்று பாருங்கள்.

கார்டிலேயே விழுகிறது என்று 3-ஆம் படியில் தெரிந்தால் ஈத்டூல் சின்ன ஜியில் ரிங் அளவைப் பார்த்து, பெரிய ஜியில் ஏற்றலாம். பல டிரைவர்களில் அந்தக் கணம் இணைப்பு அறுந்து மீண்டும் வரும். அதே கார்டு வழியாக எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை மறக்காமல், பராமரிப்பு நேரத்தில் செய்யுங்கள்.

8. போலி டிராப்களும் தெரியாமல் போகும் டிராப்களும்

பதிவில் வருவதெல்லாம் நஷ்டமல்ல. அதர்ஹோஸ்ட் என்பது வேறு மேக் முகவரிக்கான பாக்கெட். நீங்கள் ஓட்டும் டிசிபிடம்ப்பே கார்டை எல்லாவற்றையும் வாங்கும் நிலைக்குத் தள்ளி இதை உண்டாக்கியிருக்கலாம். டிசிபிடம்ப்பை சின்ன பி கொடியோடு ஓட்டினால் இந்தச் சத்தம் அடங்கும். அன்ஹேண்டில்டு_புரோட்டோ பெரும்பாலும் ஸ்விட்ச் அனுப்பும் எல்எல்டிபி போன்ற அறிவிப்புகள். ஐபி லிங்க்கில் 'டிராப்ட்' மெதுவாக, சீராக ஏறிக்கொண்டே இருப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். கண்காணிப்புப் பலகையில் அலாரம் அடித்தாலும் சேதமில்லை. டிசிபி_ஓல்ட்_டேட்டா, ஏற்கெனவே வந்த தரவு மறுபடி வந்ததைச் சொல்கிறது. அது விளைவு, மூலம் வேறெங்கோ இருக்கிறது. சில டிரைவர்கள் பாக்கெட்டை வெற்றிகரமாக அனுப்பிய பிறகும் டிராப்புக்கான ஃபங்ஷனாலேயே விடுவிக்கின்றன: நாட்_ஸ்பெசிஃபைட், லொகேஷனில் டிரைவரின் அனுப்பி-முடித்த ஃபங்ஷன் என்று வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆஃப்லோடு ஓடும்போது கெர்னலுக்குள் ஒரு எஸ்கேபி என்பது கம்பியில் போகும் பல பாக்கெட்டுகள் சேர்ந்தது, 64 கேபி வரை கூட. ஒரு டிராப் நிகழ்வு நாற்பது பாக்கெட்டாகவும் இருக்கலாம்.

மறுபக்கம், உண்மையில் விழுந்தும் பதிவில் வராதவை உண்டு. எக்ஸ்டிபி புரோகிராம் (பாக்கெட் வந்ததுமே டிரைவர் அளவில் ஓடுவது) எறிபவை எஸ்கேபி உருவாகும் முன்பே போய்விடும். அந்த புரோகிராமின் சொந்தக் கவுண்டர்தான் துணை. அக்செப்ட் வரிசை நிரம்பியதால் ஏற்கப்படாத எஸ்ஒய்என் பாக்கெட் (புதிய இணைப்பைக் கேட்பது), வேலை முடிந்தது போலவே விடுவிக்கப்பட்டு கேஃப்ரீ நிகழ்வாக வராமல் போகலாம். புதிய இணைப்புகள் மட்டும் 1 நொடி, 3 நொடி என்று தாமதமாகின்றன என்றால் டிரேஸை விட்டுவிட்டு லிசன்ஓவர்ஃப்ளோஸையும், எஸ்எஸ்-இன் எல், என், டி கொடிகளின் வெளியீட்டையும் பாருங்கள். கேட்கும் சாக்கெட்டில் ரிசீவ்-க்யூ எண் செண்ட்-க்யூ எண்ணைத் தொட்டிருந்தால் அதுதான். சோமேக்ஸ்கானை ஏற்றினால் போதாது; அப்ளிகேஷன் லிசன் செய்யும்போது கொடுக்கும் பேக்லாக் எண்ணும் ஏற வேண்டும், இரண்டில் சிறியதே செல்லும்.

9. நிறுத்துவதும் பகிர்வதும்

டிரேசிங் கோப்புறை வழியாகத் தொடங்கியிருந்தால் நீங்களே நிறுத்த வேண்டும். எஸ்எஸ்எச்சை மூடினால் நிற்காது. டிரிகர் கோப்பில் அதே வரியை முன்னால் ஆச்சரியக்குறியோடு எழுதுங்கள், எனேபிள் கோப்பில் 0 எழுதுங்கள், பிறகு 'டிராப்ஸ்' கோப்புறையை ஆர்எம்டிஐஆர் கொண்டு நீக்குங்கள். ஆர்எம் சின்ன ஆர் வேலை செய்யாது. பிபிஎஃப்டிரேஸ், பெர்ஃப் இரண்டும் தாமே சுத்தம் செய்துவிடும்.

கேஃப்ரீ பதிவில் பாக்கெட்டின் உள்ளடக்கம் இல்லை, தைரியமாகப் பகிரலாம். டிசிபிடம்ப் கோப்பில் உள்ளடக்கம் இருக்கிறது, ரூல்செட்டிலும் ஐபி பட்டியலிலும் உங்கள் வலையின் அமைப்பே இருக்கிறது, கால்சிம்ஸ் பிரதியில் கெர்னல் முகவரிகள் அத்தனையும் இருக்கின்றன. அவற்றை வெளியாருக்குக் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தில் கேளுங்கள். டிசிபிடம்ப்பில் சின்ன எஸ் கொடிக்கு 96 என்று கொடுத்தால் தலைப்புகளோடு உள்ளடக்கத்தின் முதல் சில பைட்டுகள் மட்டுமே பதிவாகும்.

காரணம் உறுதியானதும் ஒரே ஒரு மதிப்பை மட்டும் மாற்றுங்கள், அதே 30 நொடிப் பட்டியலை மறுபடி எடுங்கள். அந்தக் காரணத்தின் எண்ணிக்கை இறங்கி இன்னொன்று ஏறியிருந்தால், நெரிசல் ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு நகர்ந்திருக்கிறது. அந்தப் புதிய காரணத்தை எடுத்துக்கொண்டு 7-ஆம் படிக்குத் திரும்புங்கள். சரியான மதிப்பு கிடைத்ததும் அதை /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி கீழ் ஒரு கோப்பில் எழுதி, பக்கத்திலேயே எந்தக் காரணத்துக்காக, எந்தத் தேதியில் மாற்றியது என்று ஒரு வரிக் குறிப்பும் போட்டுவிடுங்கள்.